பட்டனை அழுத்தியும் எல்இடி எரியவில்லையா? மடை மடையாகப் பார்க்கும் முறை

பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறைக்குச் சனிக்கிழமை மாலைகளில் பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் ராஸ்பெர்ரி பை என்ற சின்னஞ்சிறு கணினிப் போர்டுகளுடன் வருவார்கள். அவர்கள் எல்லோரும் முதலில் செய்து பார்க்கும் பயிற்சி ஒன்றுதான்: ஒரு எல்இடி, இரண்டு பட்டன், ஒரு பட்டனை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், மற்றதை அழுத்தினால் அணைய வேண்டும். பார்ப்பதற்கு இவ்வளவு எளிதான இந்தச் சுற்றில்தான் புதியவர்கள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். “அண்ணாச்சி, எல்லாம் சரியாத்தான் மாட்டியிருக்கேன், எரிய மாட்டேங்கு” என்று சொல்லிக்கொண்டே எல்லா வயர்களையும் பிடுங்கி, முதலிலிருந்து மாட்டத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பிடுங்கி மாட்டுகையில் பழைய பிழை போய்ப் புதுப் பிழை ஒன்று வந்து சேரும். எது எப்போது வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

தாமிரபரணிப் பாசனத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால், விவரம் தெரிந்த விவசாயி வாய்க்காலை முழுக்க வெட்டிப் பார்க்கப் புறப்பட மாட்டார். நடுவில் உள்ள ஒரு மடையில் போய் நின்று அங்கே தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினால் அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது; ஓடாவிட்டால் மேலே. ஒரே பார்வையில் பாதி வாய்க்கால் சந்தேகத்திலிருந்து விலகிவிடும். நம் சுற்றையும் அப்படியே பார்க்கலாம். எல்இடி பக்கம் ஒன்று, பட்டன் பக்கம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் போர்டும் நிரலும். ஒரு பக்கத்தைச் சோதிக்கும்போது மறு பக்கத்தை முற்றிலும் ஒதுக்கிவைப்பதும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவதும்தான் இந்தக் கட்டுரை முழுவதும் வரப்போகும் முறை.

எது எங்கே இருக்க வேண்டும்

பிழை தேடுவதற்கு முன், சரியான சுற்று எப்படி இருக்கும் என்பதில் தெளிவு வேண்டும். இங்கே வயர் மாட்டுவதற்கான 40 பின்கள் (உலோக ஊசிகள்) கொண்ட ராஸ்பெர்ரி பை போர்டை எடுத்துக்கொள்கிறேன். 2014ஆம் ஆண்டு வந்த பி பிளஸ் மாடல் முதல் இந்த 40 பின் அமைப்பு நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய போர்டுகளில் 26 பின்கள்தான் உண்டு.

இந்தப் பின்களுக்கு இரண்டு வகை எண்கள் இருக்கின்றன என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, போர்டின் மூலையிலிருந்து 1, 2, 3 என்று வரிசையாக எண்ணும் இருப்பிட எண். மற்றொன்று, சிப்பைத் தயாரித்தவர்கள் வைத்த ஜிபிஐஓ எண்; ஜிபிஐஓ என்றால் உள்ளீடாகவோ வெளியீடாகவோ நிரலால் இயக்கக்கூடிய பின். ஜிபிஐஓ 17 என்பது இருப்பிட வரிசையில் 11ஆவது பின். ஜிபிஐஓ 23 என்பது 16ஆவது பின். ஜிபிஐஓ 24 என்பது 18ஆவது பின். புதியவர்களிடம் நான் காணும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரட்டை எண்ணிலிருந்து பிறப்பவையே என்பதால், இதைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதியிருக்கிறேன்.

எல்இடி பக்கம் இப்படி இருக்க வேண்டும்: 11ஆவது பின்னிலிருந்து ஒரு ஜம்பர் வயர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 330 ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனைக்கும், ரெசிஸ்டரின் மறு முனை எல்இடியின் நீளக் காலுக்கும், எல்இடியின் குட்டைக் கால் 9ஆவது பின்னாகிய கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பிச் சேரும் 0 வோல்ட் முனை) போக வேண்டும். பட்டன் பக்கத்தில், எரியவைக்கும் பட்டனின் ஒரு கால் 16ஆவது பின்னுக்கும், அணைக்கும் பட்டனின் ஒரு கால் 18ஆவது பின்னுக்கும், இரண்டு பட்டன்களின் மறு கால்களும் 14ஆவது அல்லது 20ஆவது பின்னாகிய கிரவுண்டுக்கும் போக வேண்டும். பட்டன்களுக்குத் தனியாக ரெசிஸ்டர் தேவையில்லை; சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை (அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்) நிரல் வழியாக இயக்கிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. 2ஆவது, 4ஆவது பின்களில் 5 வோல்ட் இருக்கிறது; ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்க மாட்டா. பல ஆண்டுகளுக்கு முன், மின்சாரத்தை நிறுத்தாமலேயே வயரை மாற்றப் போய், 5 வோல்ட் வயரின் முனையை ஜிபிஐஓ 17இல் உரசவிட்டேன். போர்டு இன்றும் ஓடுகிறது. அந்த ஒரு பின் மட்டும் அன்றோடு செத்துவிட்டது. எனவே வயரை மாற்றுவதாக இருந்தால், கணினியை முறைப்படி அணைத்து, சார்ஜரைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். அது சலிப்பான வேலைதான். இருந்தாலும் போர்டின் விலையை நினைத்துப் பார்த்தால் சலிப்பு பெரிதாகத் தெரியாது.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது

“வேலை செய்யவில்லை” என்பது ஒரு தகவலே அல்ல. எப்படி வேலை செய்யவில்லை என்பதில்தான் விடை ஒளிந்திருக்கிறது. எல்இடி ஒருபோதும் எரியவில்லையா? எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறதா? நிரலை ஓடவிட்ட கணத்திலேயே, பட்டனைத் தொடாமலேயே எரிந்துவிடுகிறதா? அழுத்தினால் சில நேரம் எரிந்து சில நேரம் எரியாமல் போகிறதா? பட்டனுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே மின்னுகிறதா? பட்டனை அழுத்தியதும் போர்டே அணைந்து மறுபடி தொடங்குகிறதா? இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பிழையைக் காட்டும் அறிகுறி. ஒரு தாளில் அதை எழுதிவைத்துவிட்டுப் பிறகு வயரைத் தொடுங்கள். கைப்பேசியில் சுற்றை ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. பழைய நிலைக்குத் திரும்பிப் போக அது உதவும்.

எல்இடி பக்கத்தைத் தனியே சோதித்தல்

நிரலை மறந்துவிடுங்கள். 11ஆவது பின்னில் இருக்கும் வயரை மட்டும் கழற்றி 1ஆவது பின்னில் மாட்டுங்கள். அது 3.3 வோல்ட் தரும் பின்; போர்டுக்கு மின்சாரம் கொடுத்தவுடன், எந்த நிரலும் இல்லாமலேயே எல்இடி எரிந்தாக வேண்டும். எரிந்தால் ரெசிஸ்டர், எல்இடி, பாகங்களைச் செருகும் துளைப்பலகையாகிய பிரெட்போர்டு, கிரவுண்ட் வயர் ஆகிய நான்கும் ஒரே அடியில் சந்தேகத்திலிருந்து நீங்கிவிடுகின்றன. எரியாவிட்டால் பிழை இந்த நான்குக்குள்தான் இருக்கிறது. நிரலை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை.

எரியாதபோது முதலில் எல்இடியைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். நீளக் கால் நேர்முனை, குட்டைக் கால் எதிர்முனை. முன்பே கால் வெட்டப்பட்ட பழைய எல்இடி என்றால், அதன் விளிம்பில் தட்டையாகச் சீவியது போன்ற பக்கம் எதிர்முனையைக் காட்டும். 3.3 வோல்ட்டில் ரெசிஸ்டருடன் தலைகீழாக மாட்டியதால் எல்இடி கெட்டுப்போகாது. எரியாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே அச்சமில்லாமல் திருப்பிப் பார்க்கலாம்.

அடுத்தது ரெசிஸ்டர். சில்லறையாக வாங்கி ஒரே டப்பாவில் போட்டுவைத்த ரெசிஸ்டர்களில் தவறானதை எடுத்துவிடுவது மிக எளிது. நான்கு பட்டை ரெசிஸ்டரில் 330 ஓம் என்றால் முதல் மூன்று பட்டைகள் ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. அதுவே ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு என்றால் 33 கிலோ ஓம். நூறு மடங்கு அதிகம். குழல்விளக்கின் மஞ்சளான வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலவே தெரியும். சிவப்பு எல்இடி தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதமுள்ள 1.3 வோல்ட்டை 330 ஓமால் வகுத்தால் சுமார் 4 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வெளிச்சம். 33 கிலோ ஓம் போட்டால் அதில் நூறில் ஒரு பங்குதான் பாயும். பகல் வெளிச்சத்தில் எல்இடி அணைந்தே இருப்பதாகத்தான் தோன்றும். சந்தேகமாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, எல்இடியைக் கையால் மறைத்துப் பாருங்கள். மெலிதாக மினுங்கினால் குற்றவாளி ரெசிஸ்டர்தான். நீல நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் உள்ள எல்இடிகள் 3 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்வதால், சரியான ரெசிஸ்டர் போட்டாலும் 3.3 வோல்ட்டில் மங்கலாகவே எரியும். கற்றுக்கொள்ளும் காலத்தில் சிவப்பை மட்டும் பயன்படுத்துங்கள் என்பேன்.

மூன்றாவது பிரெட்போர்டு. நடுப்பள்ளத்துக்கு ஒரு பக்கத்தில் இருக்கும் ஐந்து துளைகள் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். பள்ளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஐந்தோடு அவற்றுக்குத் தொடர்பு கிடையாது. எல்இடியின் இரண்டு கால்களையும் ஒரே ஐந்து துளை வரிசையில் செருகிவிட்டால், மின்சாரம் எல்இடிக்குள் போகாமல் உலோகத் தகடு வழியாகவே போய்விடும். இது கண்ணுக்குத் தெரியாத பிழை. எனவே விரலை வைத்து வரிசை எண்ணைப் படித்துப் பார்க்க வேண்டும். பெரிய பிரெட்போர்டுகளில் இன்னொரு பொறியும் உண்டு. ஓரத்தில் நீளமாகச் செல்லும் கிரவுண்ட் வரிசை, சில பலகைகளில் நடுவோடு துண்டிக்கப்பட்டிருக்கும். சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் விட்டுப்போயிருந்தால் உள்ளே தகடும் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இடப்பக்கப் பாதியில் கிரவுண்ட் வயரையும் வலப்பக்கப் பாதியில் எல்இடியையும் மாட்டிவிட்டு, எல்லாம் சரிதானே என்று தலையைச் சொறிந்தவர்கள் பலர். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

கடைசியாக ஜம்பர் வயர்கள். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் மலிவான வயர்கள் முனையில் உள்ளுக்குள் அறுந்திருக்கும். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்களின் பெட்டியில், உப்புக் காற்றினால் எல்இடி கால்களும் வயர் முனைகளும் மங்கிக் கறுத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டால் அதுவும் வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் போர்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பீப் ஒலி எழுப்பும் கன்டினியூட்டி நிலையில் வைத்து ஒவ்வொரு வயரையும் அசைத்து அசைத்துச் சோதியுங்கள். அசைக்கும்போது ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் அந்த வயரைத் தூக்கி எறிந்துவிடலாம். டப்பாவில் திரும்பப் போட்டால் அடுத்த மாதம் அது மறுபடி கைக்கு வரும்.

எரிகிற எல்இடியைப் போர்டோடு சேர்த்தல்

3.3 வோல்ட்டில் எல்இடி எரிந்துவிட்டது. இப்போது வயரை மீண்டும் 11ஆவது பின்னுக்குக் கொண்டுவாருங்கள். இன்னும் பட்டனைப் பற்றி நினைக்க வேண்டாம். புதிய ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தில் ‘பின்சிடிஆர்எல்’ என்றொரு கட்டளை இருக்கிறது. கட்டளைகளை அடிக்கும் திரையாகிய டெர்மினலில் அதை ஆங்கில எழுத்தில் அடித்து, அதன் பின்னால் செட், 17, ஓபி, டிஹெச் என்பவற்றை ஒவ்வோர் இடைவெளி விட்டு அடித்தால் (pinctrl set 17 op dh) ஜிபிஐஓ 17 வெளியீடாக மாறி உயர்நிலைக்கு, அதாவது 3.3 வோல்ட்டுக்குப் போகும், எல்இடி எரியும். டிஹெச் இருந்த இடத்தில் டிஎல் (dl) என்று அடித்தால் அணையும். நிரலே எழுதாமல் பின்னை நேரடியாக அசைத்துப் பார்க்கும் வழி இது.

இங்கே எரியவில்லை என்றால் அநேகமாகப் பின்னைத் தவறாக எண்ணியிருக்கிறீர்கள். 1ஆவது பின், எஸ்டி கார்டு செருகும் பக்கத்து மூலையில் இருக்கிறது. போர்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் சால்டர் மட்டும் வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்கும். ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசையிலும், இரட்டைப்படை எண்கள் போர்டின் விளிம்பை ஒட்டிய வரிசையிலும் போகின்றன. டெர்மினலில் ‘பின்அவுட்’ (pinout) என்ற கட்டளையை அடித்தால் உங்கள் போர்டின் படமும் இரண்டு வகை எண்களும் திரையிலேயே வந்துவிடும். வேறு எங்கோ கிடைத்த படத்தை நம்புவதைவிட இது மேல்.

இரட்டை எண் பிழை எப்படியெல்லாம் வேடமிட்டு வரும் என்று பாருங்கள். ஜிபிஐஓ 17 என்று படித்துவிட்டு, இருப்பிட வரிசையில் 17ஆவது பின்னில் எல்இடியை மாட்டினால், அந்தப் பின் உண்மையில் இன்னொரு 3.3 வோல்ட் பின் என்பதால், நிரல் என்ன சொன்னாலும் எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். “எப்போதும் எரிகிறது” என்ற அறிகுறியைக் கேட்டவுடன் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது இதைத்தான். அதே 17ஆவது பின்னில் பட்டனை மாட்டி மறு காலைக் கிரவுண்டுக்குக் கொடுத்தால், அழுத்தும்போதெல்லாம் 3.3 வோல்ட் நேரடியாகக் கிரவுண்டுடன் குறுக்கிணைந்து போர்டு அணைந்துவிடும். இதைத் திரும்பத் திரும்பச் செய்வது போர்டுக்கு நல்லதல்ல. பட்டன்களை 23ஆவது, 24ஆவது இருப்பிடங்களில் மாட்டினால், அவை உண்மையில் ஜிபிஐஓ 11, ஜிபிஐஓ 8 என்பதால், ஒன்றுமே நடக்காது. ஒரே அறியாமை, மூன்று வேறு நோய்கள்.

பட்டன் பக்கம்

பிரெட்போர்டில் செருகும் சிறிய சதுரப் பட்டனுக்கு நான்கு கால்கள் இருந்தாலும், உள்ளே இருப்பது இரண்டே முனைகள்தான். நான்கில் இரண்டிரண்டு கால்கள் எப்போதும் இணைந்தே இருக்கின்றன. அழுத்தும்போது அந்த இரண்டு ஜோடிகளும் சேர்கின்றன. எந்த இரண்டு ஜோடி என்று தெரியாமல் பட்டனைக் கால் சுற்று திருப்பி மாட்டிவிட்டால், எப்போதும் இணைந்திருக்கும் இரண்டு கால்களிலேயே உங்கள் இரண்டு வயர்களும் விழும். கணினிக்கு அந்தப் பட்டன் ஓயாமல் அழுத்தப்பட்டிருப்பதாகவே தெரியும். இதற்கு எளிதான தீர்வு, மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரண்டு கால்களைப் பயன்படுத்துவது. பட்டனை எப்படித் திருப்பி மாட்டினாலும் மூலைவிட்டக் கால்கள் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவையாகத்தான் இருக்கும்.

மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். எல்இடி பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று ஏற்கெனவே உறுதி செய்துவிட்டோம் அல்லவா? அதையே சோதனைக் கருவியாக்கிக்கொள்ளலாம். 1ஆவது பின்னாகிய 3.3 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடி, எல்இடியின் குட்டைக் காலிலிருந்து பட்டன், பட்டனின் மறு காலிலிருந்து கிரவுண்ட் என்று ஒரே சரமாகக் கோத்துவிடுங்கள். அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைந்தால் பட்டன் நல்லது, சரியாகவும் மாட்டியிருக்கிறீர்கள். அழுத்தாமலேயே எரிந்தால் காலைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். அழுத்தியும் எரியாவிட்டால் பட்டனின் கால் துளைக்குள் முழுதாக இறங்கவில்லை. இந்தப் பட்டன்களின் கால்கள் குட்டையாகவும் வளைந்தும் இருப்பதால் பிரெட்போர்டிலிருந்து மெல்ல மெல்ல எழும்பி வரும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாசஞ்சர் வண்டியில் பையில் போட்டுக் கொண்டுவந்த சுற்றில் எழும்பாத பட்டனை நான் பார்த்ததே இல்லை.

இப்போது பட்டனைப் போர்டோடு சேர்க்கலாம். அதற்கு முன் புல்-அப் என்பதைப் புரிந்துகொள்வது அவசியம். உள்ளீடாக வைத்த ஒரு பின்னில் எதுவும் இணைக்கப்படாவிட்டால் அது உயர்நிலையிலும் இல்லை, தாழ்நிலையிலும் இல்லை. ஆடிக் காற்றில் தாழ்ப்பாள் போடாத சன்னல் கதவைப் போல அது இங்கும் அங்கும் ஆடும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாக்கமும், உங்கள் கையின் நெருக்கமுமே அதை அசைத்துவிடப் போதும். கையை அருகில் கொண்டுபோனாலே எல்இடி மின்னுகிறது என்றால் காரணம் இதுதான். புல்-அப் ரெசிஸ்டர் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள். அது பின்னை மெதுவாக 3.3 வோல்ட் பக்கம் பிடித்துவைக்கிறது. பட்டனை அழுத்தும்போது கிரவுண்ட் வலுவாகக் கீழே இழுத்துவிடுகிறது. எனவே இந்தச் சுற்றில் அழுத்தினால் தாழ்நிலை, விட்டால் உயர்நிலை. இது தலைகீழாகத் தோன்றினாலும் பழகிவிடும்.

பட்டனின் மறு காலைக் கிரவுண்டுக்குக் கொடுக்காமல் 3.3 வோல்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, நிரலில் புல்-அப் வைத்திருந்தால், அழுத்தினாலும் விட்டாலும் பின் உயர்நிலையிலேயே இருக்கும். கணினிக்கு எந்த மாற்றமும் தெரியாது. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். கிரவுண்டுக்கு மாற்றுவதே என் பரிந்துரை, 3.3 வோல்ட் வயரைச் சுற்றெங்கும் இழுத்துக்கொண்டு திரிந்தால் அது என்றைக்காவது எங்கேயாவது உரசும். பட்டனுக்கு 3ஆவது, 5ஆவது இருப்பிடப் பின்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் கவனிக்க வேண்டும்: ஜிபிஐஓ 2, ஜிபிஐஓ 3 ஆகிய அந்த இரண்டிலும் போர்டிலேயே 1.8 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அவற்றைப் புல்-டவுன் ஆக்க, அதாவது கிரவுண்ட் பக்கம் பிடித்துவைக்குமாறு மாற்ற முடியாது. பின்களை இயக்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்பாகிய ஜிபிஐஓ ஜீரோ (gpiozero) நூலகம், அப்படிக் கேட்டால் பிழைச் செய்தி தந்து மறுத்துவிடும்.

நடுமடையில் நின்று பார்த்தல்

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நடுமடை இதுதான். பட்டன்களுக்குப் புல்-அப் வைக்கும் உங்கள் நிரலை ஒரு டெர்மினலில் ஓடவிடுங்கள். இன்னொரு டெர்மினலைத் திறந்து, பின்சிடிஆர்எல் கட்டளையுடன் கெட், 23 என்று அடியுங்கள் (pinctrl get 23). பட்டனைத் தொடாதபோது திரையில் வரும் வரியில் உயர்நிலையைக் குறிக்கும் ஹெச்ஐ (hi) என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். பட்டனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே கட்டளையை மறுபடி அடித்தால் தாழ்நிலையைக் குறிக்கும் எல்ஓ (lo) என்று மாற வேண்டும். நிரல் ஓடாத நேரத்தில் இதைச் செய்து குழம்பிவிட வேண்டாம். ஜிபிஐஓ 9 முதல் 27 வரையிலான பின்கள் கணினி தொடங்கும்போது புல்-டவுன் நிலையில் இருப்பதால், நிரல் புல்-அப்பை இயக்கும்வரை அங்கே எல்ஓ என்றுதான் வரும்.

இங்கே ஹெச்ஐயும் எல்ஓவும் சரியாக மாறுகின்றன, ஆனாலும் எல்இடி எரியவில்லை என்றால், அந்தக் கணத்திலிருந்து வயரைத் தொடக்கூடாது. பிழை முழுவதும் நிரலில் இருக்கிறது. மாறவில்லை என்றால் நிரலைத் தொடக்கூடாது. பிழை வயரிலோ பின் எண்ணிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்ட மாணவர்கள், அதன் பிறகு என்னிடம் வருவது பாதியாகக் குறைந்துவிடுகிறது.

நிரலில் ஒளிந்திருப்பவை

பைத்தான் மொழியில் ஜிபிஐஓ ஜீரோ நூலகத்தைப் பயன்படுத்தினால் இந்த நிரல் பத்து வரிகூட வராது. அதிலும் நான்கு பிழைகள் ஓயாமல் திரும்பி வருகின்றன.

முதலாவது அடைப்புக்குறி. பட்டனை அழுத்தும்போது இன்ன செயலைச் செய் என்று ஒப்படைக்கும் வரியில் செயலின் பெயரை மட்டுமே எழுத வேண்டும். பெயருக்குப் பின்னால் திறந்து மூடும் அடைப்புக்குறி போட்டுவிட்டால், அந்தச் செயல் அப்போதே நடந்து முடிந்துவிடும். பட்டனுக்கு ஒப்படைக்க ஒன்றும் மிஞ்சாது. ஓடவிட்ட கணத்திலேயே எல்இடி எரிந்து, பிறகு அந்தப் பட்டனுக்கு அசையாமல் இருப்பதுதான் இதன் அறிகுறி. ஒருவரைச் சமைக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக்கொடுப்பதற்கும், நாமே சமைத்து முடித்துவிட்டு வெறும் தாளைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

இரண்டாவது, நிரலின் கடைசியில் காத்திருக்கச் சொல்லும் ‘பாஸ்’ (pause) வரியை விட்டுவிடுவது. அது இல்லாவிட்டால் நிரல் கடைசி வரியைத் தாண்டியதும் முடிந்துபோகும். நூலகமும் பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். டெர்மினலில் உடனே அடுத்த கட்டளைக்கான குறி வந்து நின்றால் உங்கள் நிரல் உயிரோடு இல்லை என்று அறிந்துகொள்ளலாம்.

மூன்றாவது வேடிக்கையானது. சோதனை நிரல்தானே என்று கோப்புக்கே ஜிபிஐஓ ஜீரோ என்று பெயர் வைத்துவிடுவார்கள். நூலகத்தைத் தேடும் பைத்தான், அதே கோப்புறையில் இருக்கும் உங்கள் கோப்பையே நூலகம் என்று எடுத்துக்கொண்டு, அதில் பட்டன் என்று ஒன்று இல்லையே என முறையிடும். கோப்பின் பெயரை மாற்றினால் தீர்ந்தது.

நான்காவது, முன்பு ஓடவிட்ட நிரலை நிறுத்தாமல் இன்னொன்றைத் தொடங்குவது. பின் வேறொருவர் பிடியில் இருக்கிறது என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், பின்னணியில் பழைய நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது; திறந்து கிடக்கும் பிற டெர்மினல்களைப் பார்த்து அதை முதலில் நிறுத்த வேண்டும்.

ராஸ்பெர்ரி பை 5 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2023இல் வந்த அந்த மாடலில் பின்களை இயக்கும் வேலையை ஆர்பி1 என்ற தனிச் சிப் கவனிக்கிறது. அதனால் ஆர்பிஐ டாட் ஜிபிஐஓ என்ற பழைய நூலகத்தை நம்பி எழுதப்பட்ட நிரல்கள், முந்தைய போர்டுகளில் பிழையின்றி ஓடியவையே ஆனாலும், இதில் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அண்ணனின் பழைய புராஜெக்ட்டை வாங்கி வந்து ஓடவிடும் தம்பிமார்கள் இதில்தான் சிக்குகிறார்கள். ஜிபிஐஓ ஜீரோவில் மாற்றி எழுதிக்கொள்வது நீண்டகாலத்துக்கு நல்லது.

ஒரு அழுத்தலுக்குப் பல அழுத்தல்

இரண்டு பட்டன் முறை சரியாக வந்ததும், ஒரே பட்டனால் எரியவும் அணைக்கவும் செய்யலாமே என்று தோன்றும். அப்போது புதிய தொல்லை ஒன்று தலைகாட்டும்: சில நேரம் எரிகிறது, சில நேரம் எரிவதுபோல் எரிந்து அணைந்துவிடுகிறது. பட்டனுக்குள் இருக்கும் தகடு அழுத்தும்போது ஒரே அடியாக ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லி விநாடிகளுக்குத் துள்ளித் துள்ளியே அமர்கிறது. நம் விரலுக்கு ஓர் அழுத்தல்; கணினிக்கு அது ஐந்தாகவோ எட்டாகவோ தெரிகிறது. இரட்டைப்படை எண்ணிக்கையில் துள்ளினால் எல்இடி இருந்த நிலைக்கே திரும்பிவிடும்.

இரண்டு பட்டன் முறையில் இந்தத் துள்ளல் ஏன் தெரியவில்லை என்று யோசித்துப் பார்ப்பது பயனுள்ளது. எரி என்று எட்டு முறை சொன்னாலும் எரிவது ஒன்றுதான். நிலையை மாற்று என்று எட்டு முறை சொல்வதுதான் சிக்கல். பட்டனை அறிவிக்கும் வரியில் துள்ளல் நேரத்தை 0.05 விநாடி என்று கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மிக அதிகமாக, அரை விநாடி என்று கொடுத்தால் வேகமாக அழுத்தும்போது சில அழுத்தல்கள் விட்டுப்போகும்.

இதைப்போலவே தோன்றும் இன்னொரு பிழை, முடிவில்லாச் சுழற்சிக்குள், பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, ஆம் என்றால் நிலையை மாற்றச் சொல்வது. விரல் பட்டனில் இருக்கும் கால் விநாடிக்குள் அந்தச் சுழற்சி பலநூறு முறை ஓடிவிடும். அழுத்திப் பிடித்திருக்கும்போது எல்இடி பாதி வெளிச்சத்தில் எரிந்து, விட்டபின் எந்த நிலையில் நிற்கும் என்று சொல்ல முடியாமல் போவது இதன் அறிகுறி. துள்ளல் நேரம் இதற்கு மருந்தல்ல; அழுத்திய கணத்தில் ஒரே ஒருமுறை செயல்படுமாறு நிரலை மாற்ற வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும்

திரையின் மூலையில் மின்னல் குறி வந்து போனால் போர்டுக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை. பழைய கைப்பேசி சார்ஜரும் மெல்லிய கேபிளும்தான் வழக்கமான காரணங்கள். மோட்டார் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும் கிராமத்து வீடுகளில் நல்ல அடாப்டர் இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்வது வீண் வேலை. போர்டு தானாகத் தொடங்குவதைப் பட்டனின் பிழை என்று எண்ணி அலைவீர்கள்.

அடாப்டரும் நல்லது, எல்இடியும் நல்லது, வயரும் நல்லது, பின் எண்ணும் சரி, ஆனாலும் ஜிபிஐஓ 17 அசையவில்லை என்றால், எல்இடி வயரை 13ஆவது இருப்பிடத்துக்கு மாற்றி, நிரலில் 17 என்பதை 27 என்று திருத்தி ஓடவிடுங்கள். அங்கே எரிந்துவிட்டால் 17 செத்துவிட்டது. அதை உயிர்ப்பிக்க வழியில்லை. எந்தப் பின் செத்தது என்று ஒரு சிறு தாளில் எழுதி, போர்டின் பெட்டி மூடியில் ஒட்டிவிட்டு, மீதமுள்ள பின்களோடு வேலையைத் தொடருங்கள்.